"எனக்கு எழுத வராது" என்று சொல்லும் பிள்ளை எந்தப் பாடம் எடுக்கும்?

ஒரு தாய் கேட்ட கேள்வி இது. அவருடைய மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறாள். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் கொண்ட பிரிவு. வரலாறு என்றால் அவளுக்கு உயிர். ஆனாலும் "பி.ஏ. வரலாறு வேண்டாம்மா, அதுல எழுதி எழுதியேதான் மார்க் வாங்கணும், எனக்கு எழுத வராது, பி.காம் போறேன்" என்கிறாளாம். பள்ளியில் கட்டுரை எழுதிய அனுபவம் கல்லூரியில் ஒரு பிள்ளையின் இலக்கைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியதா, அதை இனி மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அரசு கலைக் கல்லூரியில் நான் பகுதி 2 ஆங்கிலம் நடத்துகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வேதியியல், வணிகவியல், வரலாறு, கணிதம் என்று எல்லாத் துறை முதலாண்டுப் பிள்ளைகளும் எங்கள் வகுப்புக்கு வருவார்கள். ஜூலையில் எழுதக் கொடுக்கும் முதல் பத்தியிலேயே யார் எந்த மாதிரிப் பள்ளியிலிருந்து வருகிறார்கள், எதற்குப் பயந்து எந்தத் துறைக்கு வந்தார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆமாம், தீர்மானிக்கிறது. நாம் நினைப்பதைவிட அதிகமாகவே தீர்மானிக்கிறது. ஆனால் பள்ளி அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த தீர்ப்பு பெரும்பாலும் தவறான தீர்ப்பு. உங்கள் மகள் விஷயத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் என்று பார்க்க, பிளஸ் டூ வரை நம் பிள்ளைகள் உண்மையில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தமிழ்த் தாளில் பொதுக்கட்டுரை என்றால் முன்னுரை, நான்கு உட்தலைப்பு, முடிவுரை. தலைப்பு கருப்பு மையில், உள்ளே நீல மையில், அடிக்கோடு அளவுகோல் வைத்து. நடுவில் இரண்டு மேற்கோள். சாலைப் பாதுகாப்போ, நூலகமோ, இயற்கைச் சீற்றமோ, எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்துகிற மாதிரி இரண்டு முன்னுரையை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். அப்புறம் நயம் பாராட்டுதல். கேள்வித்தாளில் ஒரு கவிதை இருக்கும். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, அணி, சுவை என்று வரிசையாகத் தலைப்பு போட வேண்டும். மோனைக்குக் கீழே "காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை" என்றும், எதுகைக்குக் கீழே "மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை" என்றும் ஒரு வரி எழுதிவிட்டு, இரண்டு சொற்களை எடுத்துப் போட்டால் மார்க். கவிதையைப் படிக்காமலேயே பாதி விடையை எழுதிவிடலாம். பத்தாம் வகுப்பில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு படத்தைக் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள். அருமையான கேள்வி அது. அதற்கும் எந்தப் படத்துக்கும் ஒத்துவரும் ஒரு பொதுக் கவிதையைக் கைடு போட்டுக் கொடுத்துவிட்டது.

பாடநூலைக் குறை சொல்ல மாட்டேன். 2018-க்குப் பிறகு வந்த புதிய பாடநூல்களில் 'மொழியை ஆள்வோம்', 'நிற்க அதற்குத் தக' போன்ற பகுதிகளைப் பார்த்தால், பிள்ளைகள் சொந்தமாக யோசித்து எழுத வேண்டும் என்று அக்கறையோடு செய்திருப்பது தெரியும். ஆசிரியர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு வகுப்பில் ஐம்பது அறுபது பேர், கையில் தேர்ச்சி விழுக்காட்டுக் கணக்கு, தலைக்கு மேல் பொதுத்தேர்வு. ஐம்பது பேரின் கட்டுரையையும் வரி வரியாகப் படித்து "இங்கே நீ என்ன சொல்ல வர்றே?" என்று ஓரத்தில் எழுதிக் கொடுக்க அவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

விளைவு என்னவென்றால், பன்னிரண்டு வருடம் எழுதியும் பல பிள்ளைகளின் எழுத்தை ஒருவர்கூட வாசகராக உட்கார்ந்து படித்ததில்லை. திருத்தியிருக்கிறார்கள், டிக் போட்டிருக்கிறார்கள், எழுத்துப் பிழைக்கு வட்டம் போட்டிருக்கிறார்கள். படித்து, புரிந்து, பதில் சொன்னதில்லை. அதனால் எழுத்து என்பது இன்னொருவருக்கு ஒன்றைச் சொல்வது என்ற எண்ணமே அவர்களுக்கு வருவதில்லை. வேகம், கையெழுத்து, ஞாபகசக்தி மூன்றும் சேர்ந்ததுதான் எழுத்து என்று நினைக்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்று குறைவாக இருக்கும் பிள்ளை "எனக்கு எழுத வராது" என்று முடிவு கட்டிவிடுகிறது. உங்கள் மகள் அப்படிச் சொன்னால், எதை வராது என்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்ததை மூன்று மணி நேரத்தில் கொட்ட வராது என்பதையும், நினைத்ததை எழுத வராது என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருப்பாள்.

இந்த முடிவு எப்படி இலக்காக மாறுகிறது என்பதுதான் அடுத்தது. வெளிப்படையாகத் தெரிவது, உங்கள் மகள் செய்வதுபோல எழுத்துக்குப் பயந்து துறையை மாற்றிக்கொள்வது. இதில் ஒரு கொடுமை, அந்தக் கணக்கே தப்பு. பி.காம் என்றால் கணக்கு போட்டால் போதும் என்று வருகிற பிள்ளைகள் வணிகச் சட்டம், நிறுமச் சட்டம், மேலாண்மை என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டிய தாள்களைப் பார்த்துத் திகைத்துப் போகிறார்கள். பொறியியலிலும் இதே கதைதான். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் இரண்டு மார்க் கேள்வி பத்து, 13 மார்க் கேள்வி ஐந்து, 15 மார்க் கேள்வி ஒன்று. 13 மார்க்குக்கு ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்று படிப்படியாக விளக்க வேண்டும். அது கட்டுரை இல்லாமல் வேறென்ன? மருத்துவம் இன்னும் வேடிக்கை. நீட் முழுக்கச் சரியான விடைக்கு வட்டத்தை நிரப்பும் தேர்வு. உள்ளே போனால் எம்.பி.பி.எஸ். தேர்வில் பெரிய கேள்வி, சிறுகுறிப்பு என்று கையால் எழுதித் தள்ள வேண்டும். எழுத்து இல்லாத படிப்பு என்று ஒன்று கிடையாது. எழுத்துக்குப் பயந்து ஓடுகிற பிள்ளை, தனக்குப் பிடித்த பாடத்தில் எழுத வேண்டியதை விட்டுவிட்டு, பிடிக்காத பாடத்தில் போய் எழுதப்போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியே தெரியாத இன்னொரு மாற்றம் இதைவிட மோசம். பிள்ளை துறையை மாற்றாது, இலக்கைச் சுருக்கிக்கொள்ளும். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிப் பாடப்பிரிவில் சேருகிறவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். ஜூலையில் கேட்டால் "எம்.எஸ்சி. முடிச்சு, பிஎச்.டி. பண்ணணும் சார்" என்பார்கள். முதல் செமஸ்டரில் தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் எழுத முடியாமல் இரண்டு தாள் போய்விடும். அப்புறம் கேட்டால் "அரியர் இல்லாம முடிச்சா போதும் சார்". பாடம் புரியாமல் இல்லை. இயற்பியல் துறையில் ஒரு பையன் கரும்பலகையில் வரைந்து தமிழில் விளக்கச் சொன்னால் வகுப்பே கைதட்டும்படி விளக்குவான். அவனுடைய விடைத்தாளைப் பார்த்தால் கைடிலிருந்து உருப்போட்ட ஆங்கில வாக்கியங்கள் பாதியில் அறுந்து கிடக்கும். பள்ளியில் ஆங்கிலத் தாளையும் அப்படித்தான் தாண்டினான். அங்கே 35 மார்க் வந்தால் தேர்ச்சி, அது வந்துவிட்டது. பொறியியல் கட்-ஆஃபில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும்தான் சேரும், மொழி மார்க்குக்கு இடமே இல்லை. அதனால் மொழித்தாள் என்பது எப்படியாவது கடந்துவிட வேண்டிய ஒன்று என்று வீட்டிலும் சொல்லி, பள்ளியிலும் சொல்லி வளர்த்திருக்கிறோம். அந்தச் சொல்லின் விலையைப் பையன் கல்லூரியில் கொடுக்கிறான்.

ஒரு விஷயம் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். தமிழ் வழிப் பிள்ளைகளிடம் நான் முதலில் தமிழில் எழுதச் சொல்கிறேன். ஆங்கில ஆசிரியர் இப்படிச் செய்யலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு கருத்தைத் தாய்மொழியில் மூன்று வாக்கியத்தில் நேராகச் சொல்லத் தெரிந்த பிள்ளை, அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது ஒரு வருட உழைப்பு. தமிழிலேயே மனப்பாட வாக்கியம் தவிர வேறு எழுதாத பிள்ளைக்கு ஆங்கில இலக்கணத்தை எவ்வளவு ஊட்டினாலும் அதை வைத்துச் சொல்வதற்கு எதுவும் இருக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, நல்ல அனுபவம் கிடைத்த பிள்ளைகள்? அவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிச் சொன்னால்தான் இது முழுமையாகும். எங்கள் வரலாற்றுத் துறையில் படித்த ஒரு மாணவி. பள்ளியில் விண்ணப்பக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுப்பார்கள் இல்லையா, அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், உறைமேல் முகவரி என்று. எல்லோருக்கும் அது ஐந்து மார்க். இவளுடைய பத்தாம் வகுப்புத் தமிழாசிரியை மட்டும், "சும்மா எழுதாதே, உங்க தெருவில் என்ன பிரச்சினையோ அதை எழுது" என்று சொல்லியிருக்கிறார். இவள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோனதைப் பற்றி எழுதினாள். டீச்சர் அதைப் படித்துவிட்டு, எந்த மாதத்திலிருந்து வரவில்லை, யாரிடம் கேட்டீர்கள், என்ன சொன்னார்கள் என்று மூன்று கேள்வி ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அவள் பாட்டியிடம் போய்க் கேட்டு, திரும்ப எழுதினாள். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு பாட்டி திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனு நாளுக்குப் போனார். அந்த மனு என்ன ஆனது என்பதைவிட, அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாருக்கு மனு வேண்டுமானாலும் இவளிடம் வர ஆரம்பித்தார்கள் என்பதுதான் விஷயம்.

அவள் கல்லூரிக்கு வந்தபோது அவளுடைய இலக்கு மற்றவர்களுடையதுபோல "நல்ல வேலை" என்று மொட்டையாக இல்லை. சட்டம் படிக்க வேண்டும், அதற்கு முன் வரலாறு படிக்க வேண்டும் என்று தெளிவாக வந்தாள். அவளுடைய அசைன்மென்டைப் படித்தாலே வித்தியாசம் தெரியும். முன்னுரையில் "உலகில் தோன்றிய உயிர்களுள்..." என்று ஆரம்பிக்க மாட்டாள். யார், எப்போது, என்ன செய்தார், எதனால் என்று நேராக விஷயத்துக்கு வருவாள். மார்க்கில் அவள் முதல் மாணவி கிடையாது, கையெழுத்தும் சுமார்தான். ஆனால் தன் எழுத்தைப் படிக்க எதிரே ஒரு ஆள் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பட்டம் முடித்து மூன்றாண்டு சட்டப்படிப்பில் சேர்ந்தாள்.

பத்தாம் வகுப்பில் ஓரத்தில் எழுதிய மூன்று கேள்விதான் எல்லாவற்றையும் செய்தது என்று சொல்ல மாட்டேன். வீட்டுச் சூழல், அவளுடைய பிடிவாதம் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் எழுதினால் ஏதோ நடக்கும் என்று ஒரு பிள்ளை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அது வைக்கும் இலக்கே வேறு. உளவியலில் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் இதை விளக்கினார். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கைக்குப் பலமான ஆதாரம் மற்றவர்களின் பாராட்டு அல்ல, நாமே ஒன்றைச் செய்து அது பலித்ததைப் பார்ப்பது. அந்த நம்பிக்கையின் அளவுக்குத்தான் மனிதர்கள் இலக்கு வைக்கிறார்கள். கட்டுரைப் போட்டிகளால் சில பிள்ளைகளுக்கு இது கிடைக்கிறது. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் கட்டுரை, கவிதை, பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிய பிள்ளைகள் கல்லூரியில் கை தூக்கத் தயங்குவதில்லை. ஆனால் போட்டிக்குப் போவது பள்ளிக்கு இரண்டு மூன்று பேர்தானே. மீதிப் பேருக்கு வகுப்பறைதான் கதி.

இனி மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். இதற்கு என் அனுபவத்தைத் தவிர வேறொரு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1997-ல் சேர்ந்த மாணவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்களை அவர்கள் பட்டம் வாங்கும்வரை பின்தொடர்ந்து, அவர்களில் ஒரு சிறு பகுதியினர் எழுதியதைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். முதலாண்டு பற்றிய கட்டுரை 2004-ல் வெளிவந்தது. அவர்களும் பள்ளியில் ஒரு அச்சில் வார்த்து எழுதப் பழகியவர்கள்தான். நன்றாக முன்னேறியவர்கள் யார் என்று பார்த்தால், "இங்கே நான் புதியவன், கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்" என்று ஏற்றுக்கொண்டவர்கள். மார்க்குக்கு அப்பால் தங்களுக்கு முக்கியமான ஒன்றைத் தெரிந்துகொள்ள எழுதுகிறோம் என்று உணர்ந்தவர்கள். பள்ளியில் பலித்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள்தான் சிரமப்பட்டார்கள். அங்குள்ள வசதிக்கும் நம் கல்லூரிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் எங்கள் வகுப்பறையிலும் நான் பார்ப்பது இதைத்தான். பள்ளியில் தமிழில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய பிள்ளை சில சமயம் அலங்கார வாக்கியத்தை விட மனம் வராமல் திணறும். அறுபது வாங்கிய பிள்ளை இழப்பதற்கு ஒன்றும் இல்லாததால் சட்டென்று கற்றுக்கொள்ளும்.

அதனால் உங்கள் மகளுக்குக் கல்லூரி தொடங்கும் முன் கிடைக்கும் இரண்டு மாத விடுமுறையில் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். வரலாறு பிடிக்கும் என்கிறாளே, உங்கள் ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரு பழைய இடம் இருக்கும். ஏரி, மண்டபம், சந்தை, பழைய பள்ளிக்கூடம், எதுவானாலும் சரி. அதைப் பற்றி வயதானவர்கள் இரண்டு பேரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். முன்னுரை, முடிவுரை, மேற்கோள் எதுவும் வேண்டாம். எழுதியதை நீங்கள் படியுங்கள். பிழை திருத்தாதீர்கள். புரியாத இடத்தில் "இது எப்போ நடந்தது?", "இதை யார் சொன்னாங்க?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் எவ்வளவு படித்தவர் என்பது முக்கியமே இல்லை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். அவள் திரும்ப எழுதட்டும். இரண்டாவது பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத வருகிறதா இல்லையா என்று அவளே முடிவு செய்யட்டும்.

இதைச் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்க விடாதீர்கள். தகவல் தேட, ஆங்கில வாக்கியம் சரியா என்று பார்க்க அது உதவும், தப்பில்லை. ஆனால் இப்போது முதலாண்டு அசைன்மென்டுகளில் பாதி அதிலிருந்து வருகிறது, அதை எழுதிய பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் தெரிவதில்லை. கைடு செய்த வேலையை இன்னும் வேகமாக அது செய்கிறது.

அவள் எதிர்காலத்தில் போட்டித் தேர்வு எழுத நினைத்தாலும் இந்தப் பழக்கம் நேரடியாக உதவும். குரூப் 4 வரைக்கும் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். குரூப் 2, குரூப் 1 முதன்மைத் தேர்வுகளில் எழுத வேண்டும். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் கட்டுரைக்கு மட்டும் தனியாக 250 மார்க்கில் ஒரு தாள், மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. அதைத் தமிழிலும் எழுதலாம். அந்தத் தாளுக்கு வரலாறு படித்த பிள்ளை ஒன்றும் பின்தங்கியிருக்காது.

கடைசியாக விண்ணப்பம் பற்றி. அரசு கலைக் கல்லூரிகளின் இணையவழி விண்ணப்பத்தில் பல பாடப்பிரிவுகளைத் தேர்ந்தெடுக்கலாம், அதனால் வரலாறு, பி.காம் இரண்டையுமே குறிப்பிடுங்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மார்க்கையும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மார்க்கையும் வைத்துத் தனித்தனித் தரவரிசை போடுவார்கள். மற்றப் பாடங்களுக்கு மொழித்தாள் தவிர்த்த நான்கு பாடங்களின் 400 மார்க்தான் கணக்கு. அதாவது அவள் பயப்படும் அந்தக் கட்டுரை மார்க், வரலாறு கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தொடவே தொடாது. இதை அவளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பல ஊர்களில் பி.ஏ. வரலாறு தமிழ் வழியிலும் நடக்கிறது, பக்கத்துக் கல்லூரியில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் ஒரு தடவை நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், துறையில் இருக்கும் ஆசிரியர் யாரிடமாவது அவளே பேசட்டும்.